எல்லாவற்றையும் பந்தயம் வைப்பவரும் வர்க்கமூலமும்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதிக் கேட்டிருக்கிறார். பந்தய வில்லைகளான சிப்ஸை இலவசமாகப் பெற்று, போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடும் இணைய மேஜைகளில், சீட்டைப் பார்க்காமலேயே ஒவ்வொரு ஆட்டத்திலும் கையிருப்பு முழுவதையும் ‘ஆல்-இன்’ என்று தள்ளிவிடுபவர்களிடம், நிதானமாக ஆடும் தாம் ஏன் அடிக்கடி தோற்கிறோம் என்பது அவருடைய கேள்வி. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதம் பாராமல், 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. அது சரி என்றே நான் கருதுகிறேன். ஆகவே கீழே வரும் கணக்கெல்லாம் காசுக்கு மாறாத சிப்ஸைப் பற்றியது.

நல்ல சீட்டு இருப்பதுபோல் பாவனை காட்டி எதிராளியை விலகவைக்கும் ‘ப்ளஃபை’ முதலில் ஒதுக்கிவிடலாம். நடுவில் 100 சிப்ஸ் இருக்க, கையில் ஒன்றுமில்லாமல் நாம் 100 கட்டினால், இரண்டில் ஒரு முறையாவது எதிராளி சீட்டைக் கவிழ்த்து விலகினால்தான் நமக்கு நட்டமிராது. கவிழ்க்கவே மனம் வராதவரிடம் பொய் சொல்லிப் பயனில்லை. நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்து, வந்ததும் அவருடைய ஆல்-இன்னை ‘கால்’ செய்வதே, அதாவது அதே தொகையைக் கட்டி ஏற்பதே வழி.

காத்திருப்புக்கும் விலை உண்டு. இருவர் மட்டும் ஆடும் மேஜையில் ஆளுக்கு 100 சிப்ஸ். பிளைண்ட் என்ற கட்டாயத் தொகை 1, 2 என்று மாறி மாறி வருவதால், கவிழ்க்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சராசரியாக 1.5 சிப்ஸ் போகும். ஐந்து ஆட்டங்களில் நான்கைக் கவிழ்த்து ஒன்றை ஏற்றால் செலவு 6. ஏற்ற ஆட்டத்தில் நம் வெற்றி வாய்ப்பு 65 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 65 முறை 100 வரும், 35 முறை 100 போகும். ஆட்டத்துக்குச் சராசரி லாபம் 30. செலவு போக 24 மிஞ்சுகிறது.

பிறகு ஏன் தோற்கிறோம்? என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். சராசரி 30 என்றாலும், எந்த ஓர் ஆட்டத்திலும் 30 வருவதில்லை. ஒன்று 100 வருகிறது, அல்லது 100 போகிறது. சராசரியிலிருந்து முடிவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும், பள்ளியில் படித்த திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டால், ஓர் ஆட்டத்துக்கு அது சுமார் 95. ஆட்டங்களின் எண்ணிக்கை கூடும்போது லாபம் அதே விகிதத்தில் வளர்கிறது; சிதறலோ எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் வளர்கிறது. 1 ஆட்டத்தில் லாபம் 30, சிதறல் 95. 10 ஆட்டங்களில் லாபம் 300, சிதறலும் ஏறத்தாழ 300. 100 ஆட்டங்களில் லாபம் 3000, சிதறல் 950 மட்டுமே. தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று இரண்டு அலைகளைப் பார்த்துவிட்டு நீர்மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று எவராலும் சொல்ல முடியாது. பத்து ஆட்டங்களும் அப்படித்தான்.

பிளைண்ட் செலவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பத்தே ஆட்டங்களை ஏற்று, பிழையின்றி ஆடியவர்களிலும் பத்தில் ஒருவர் நட்டத்தோடுதான் எழுவார். நூறு ஆட்டங்களில் அப்படி எழுபவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இருக்கமாட்டார். அந்தப் பத்தில் ஒருவர்தான் நாட்காட்டியைப் புரட்டி, அன்று தமக்குச் சந்திராஷ்டமம் என்று கண்டுபிடிக்கிறார். மற்ற ஒன்பது பேரில் எத்தனை பேருக்கு அன்று அதே சந்திராஷ்டமம் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ராசி பார்ப்பவர்கள் மேல் எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் இந்தக் கணக்கைப் போடாததுதான்.

இதன் விசித்திரமான இன்னொரு முகம், பலர் ஒன்றாகத் தள்ளும் மேஜையில் தெரியும். சீட்டுக்கட்டிலேயே உயர்ந்த தொடக்கமான ஒரு ஜோடி ஏஸ், ஏதோ ஒரு சீட்டு வைத்திருக்கும் ஒருவருக்கு எதிராக 85 விழுக்காடு வெல்லும். அப்படிப்பட்ட நால்வருக்கு எதிராக அது 56ஆகச் சரிகிறது. ஏறக்குறையப் பாதி முறை ஏஸ் ஜோடியோடு தோற்கும் ஆட்டக்காரர், முட்டாள்கள் நிறைந்த மேஜையில் திறமைக்கு மதிப்பில்லை என்று புலம்புவது வழக்கம். சிப்ஸைக் கணக்கிட்டால், ஒருவருக்கு எதிராக 200இல் 85 விழுக்காடு, அதாவது 170; நாம் போட்ட 100 போக லாபம் 70. நால்வருக்கு எதிராக 500இல் 56 விழுக்காடு, அதாவது 280, லாபம் 180. அதிக முறை தோற்று, அதிகமாகச் சம்பாதிக்கிறோம். சிதறலும் கூடவே பெருகுகிறது.

இத்தனையும் எதிராளி உண்மையிலேயே கண்ணை மூடித் தள்ளுகிறார் என்ற அனுமானத்தின் மேல் நிற்கின்றன. அதைச் சோதிப்பது எளிது. நாம் ஏற்ற ஆட்டங்களில் மட்டுமே அவருடைய சீட்டு வெளிப்படுகிறது என்றாலும், நம் சீட்டைத் தெரிந்துகொண்டு அவர் தள்ளுவதில்லை. ஆதலால் அந்தச் சிறு மாதிரியை நம்பலாம். ஏழும் இரண்டும், ஒன்பதும் மூன்றும் அதில் வந்துகொண்டிருந்தால் 65 என்ற எண் நிற்கும். ஏஸும் ராஜாவும் பெரிய ஜோடிகளுமே திரும்பத் திரும்ப வந்தால், 65 என்பது 50க்குக் கீழேகூடப் போயிருக்கும்; அதன்பின் ஏற்கும் சீட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, 1.5 சிப்ஸ் செலவில் கவிழ்ப்பதே கணக்குக்கு ஒத்துவரும்.