மெதுவான பாட்டு என்றால் லேசான பாட்டு இல்லை

இந்த டிசம்பரில் இவர் நான்காவது ஆள். டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் நான் குரல் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் சின்ன அறைக்கு வந்தார், உட்கார்ந்தார், வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அப்புறம் போனில் எழுதி நீட்டினார்: "அக்கா, நேத்து ஆபீஸ் போனென்காய். குரல் போச்சு. நாளைக்கு கிளையன்ட் மீட்டிங்."

போனென்காய் என்பது ஜப்பானில் வருடக் கடைசியில் அலுவலகமே கூடிக் குடித்துச் சாப்பிடும் விருந்து. அது முடிந்ததும் இரண்டாம் சுற்றாக, இசை ஓட ஓடத் திரையில் வரியைப் பார்த்துப் பாடும் கரோக்கே அறை. அங்கே துறைத் தலைவர் முன்னால் மைக்கை நீட்டினால் மறுக்க முடியாது, எனக்குப் புரிகிறது. புரியாதது பாட்டுத் தேர்வுதான். "என்ன பாடினீங்க?" என்றேன். "பிரிட்டெண்டர்" என்று எழுதினார்.

2019இல் ஹிகேதான் குழு வெளியிட்ட அந்தப் பாட்டின் உச்ச சுரம் இங்குள்ள கணக்கில் ஹை சி. பியானோவின் நடு சி இருக்கிறதே, அதற்கு ஒரு முழு ஸ்தாயி மேலே. பயிற்சி இல்லாத சராசரி ஆண் குரல், நெஞ்சிலிருந்து வரும் கனத்தோடு, அதற்கு நாலைந்து படி கீழேயே முட்டி நிற்கும். அதற்கு மேல் வருவது பாட்டில்லை, கத்தல். இதை மூன்று பீருக்கு அப்புறம், ஒரிஜினல் சுருதியிலேயே, இரண்டு தடவை பாடியிருக்கிறார்.

ஏன் இந்தப் பாட்டு என்று கேட்டதற்கு வந்த பதில்தான் என்னை இதை எழுத வைத்தது: "ஸ்பீடு பாட்டு இல்லையே அக்கா, ஈஸின்னு நினைச்சேன்."

மற்ற மூவரும் இதையேதான் சொன்னார்கள். வேகமான பாட்டு கஷ்டம், மெதுவான பாட்டு சுலபம். யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியவில்லை. வேகம் சோதிப்பது உங்கள் நாக்கையும் வாசிப்பையும். தொண்டையைச் சோதிப்பது உயரமும், அந்த உயரத்தில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதும். மெதுவான பாட்டில் ஒவ்வொரு சுரத்திலும் நீண்ட நேரம் நிற்கவேண்டும். மூச்சு பத்தாது, சுருதி விலகினால் மறைக்க இடமில்லை, பின்னணியில் பியானோ மட்டும் முணுமுணுக்கும்போது உங்கள் நடுக்கம் அறை முழுக்கக் கேட்கும். வேகமான பாட்டில் பிசிறு தட்டினால் அடுத்த வரி வந்து மூடிவிடும்.

உதாரணத்துக்குப் பாடகி உதாதா ஹிகாருவின் ஃபர்ஸ்ட் லவ். 1999இல் வந்தது, அப்போது அவருக்குப் பதினாறு வயது. கேட்டால் தாலாட்டு மாதிரி இருக்கும். பாடிப் பாருங்கள். கனத்த குரலுக்கும் மெல்லிய பொய்க்குரலுக்கும் ஒரே வரிக்குள் மாறிமாறிப் போகவேண்டும். போதாததற்குக் கடைசிச் சுற்றில் பாட்டே அரைக் கட்டை ஏறும். என் மாணவிகளில் பாதிப்பேர் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்துச் சிரிப்பார்கள். இன்னொரு பக்கம், ஒகினாவாவின் மோங்கோல்800 குழு 2001இல் பாடிய 'சீசானா கோய் நோ உதா' துள்ளி ஓடும் பாட்டு. ஆனால் மெட்டு ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது, தாளம் நேரானது. பெரும்பாலான ஆண்கள் அதைத் தாங்குவார்கள்.

வேகத்தால் உண்மையிலேயே கஷ்டமான பாட்டுகளும் உண்டு, மறுக்கவில்லை. யோஆசோபி குழுவின் 'யோரு நி காகேரு' மாதிரி. அதை எழுதிய அயாசே வோக்கலாய்ட் என்ற கணினிக் குரலுக்குப் பாட்டு எழுதி வளர்ந்தவர். கணினி மூச்சு விடாது. நீங்கள் விடுவீர்கள்.

சரி, பாட்டை எப்படிப் பார்த்து எடுப்பது? ஜப்பானியர்கள் பாட்டை ஏ-மெலோ (தொடக்கம்), பி-மெலோ (அதன் தொடர்ச்சி), சாபி (உச்சி) என்று பிரித்துப் பேசுவார்கள். நம் சினிமாப் பாட்டில் பல்லவி முதலிலேயே வந்துவிடும், குரலுக்கு ஆகுமா ஆகாதா என்று உடனே தெரிந்துவிடும். அங்கே பாட்டின் உச்சியான சாபி பெரும்பாலும் ஒரு நிமிடம் கழித்துத்தான் வரும். நீங்கள் ரயிலில் முனகிப் பார்ப்பது ஏ-மெலோவை. அது எல்லோருக்கும் வசதியாகத்தான் இருக்கும், வலையே அதுதான். அதனால் சாபியை மட்டும், முனகும் குரலில் இல்லாமல், பாடும் குரலில் இரண்டு தடவை தொடர்ந்து பாடிப் பாருங்கள். இரண்டாவது தடவை தாடை இறுகினாலோ கழுத்து நரம்பு புடைத்தாலோ அந்தப் பாட்டு அந்தச் சுருதியில் உங்களுடையது இல்லை.

அந்தச் சுருதியில் என்று சொன்னதைக் கவனியுங்கள். கரோக்கே அறையில் பாட்டு தேடும் தொடுதிரைப் பலகையில் சுருதியை அரைக் கட்டை அரைக் கட்டையாக ஏற்றி இறக்கும் பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டால் மானம் போய்விடும் என்று ஒரு நினைப்பு. நம்மவர்கள் இப்படி நினைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒன்றரைக் கட்டையில் பாடுகிற வித்வானிடம் "ஏன் ஐந்து கட்டையில் பாடவில்லை" என்று கச்சேரியில் யாராவது எழுந்து கேட்டதுண்டா? அவரவர் கட்டை அவரவருக்கு. மதிப்பெண் போடும் இயந்திரம்கூட இறக்கின சுருதியை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது, ஒரு மார்க் குறையாது. பெண்கள் பாடிய பாட்டை ஆண்கள் எடுத்தால் ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள், அது பாதாளத்துக்குப் போய்விடும். அப்போது மூன்று முதல் ஐந்து படி ஏற்றுங்கள். ஆமாம், ஏற்றுங்கள்.

உச்சரிப்பு பற்றி ஒரு நல்ல சேதி. ஜப்பானிய மொழியும் மாத்திரை எண்ணுகிற மொழி: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் இதற்குத் தவிக்கும்போது நமக்குத் தானாக வரும். ஒரே ஒரு இடத்தில் வழுக்குவோம். நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரை, அவர்களுக்கு 'ன்' தனியாக ஒரு முழு மாத்திரை. கொன்னிச்சிவா என்பது கொ, ன், நி, சி, வா என்று ஐந்து தட்டு. பாட்டில் அந்த 'ன்' தனக்கென்று ஒரு சுரத்தை வாங்கிக்கொண்டு நிற்கும். அதை விழுங்கினால் திரையில் ஓடும் வரியை நீங்கள் முந்திப் போய்விடுவீர்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் கொடுப்பது இரண்டே பாட்டு. ஒன்று ஸ்மேப் குழுவின் 2003ஆம் ஆண்டு ஹிட், 'செகாய் நி ஹிதோத்சு தாகே நோ ஹானா'. குழுவாகச் சேர்ந்து பாடியது, உயரம் குறைவு, நீங்கள் தொடங்கினால் அறையே சேர்ந்துகொள்ளும், உங்கள் குரல் யாருக்கும் தனியாகக் கேட்காது. இன்னொன்று சகாமோதோ க்யூ 1961இல் பாடிய 'உஎ ஓ முயிதே அருகோ'. 1963இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. மெட்டு பெரும்பாலும் நம் மோகனத்தின் ஐந்து சுரங்களுக்குள்ளேயே நடக்கிறது, நடுவில் விசில் வேறு. விசில் அடிக்கும்போது தொண்டைக்கு ஓய்வு. துறைத் தலைவருக்கும் தெரிந்த பாட்டு.

மற்றவை சுருக்கமாக. இசையின் சத்தத்தைக் குறைத்து மைக்கின் சத்தத்தைக் கூட்டுங்கள், கத்தவேண்டி வராது. இரண்டு பாட்டுக்கு நடுவே ஒருவருக்காவது மைக்கைக் கொடுங்கள், தண்ணீர் குடியுங்கள். ஊலாங் டீ தொண்டைக்கு ஆகுமா ஆகாதா என்று இங்கே தீராத வழக்கு ஒன்று ஓடுகிறது. எனக்குத் தண்ணீர் போதும். குரல் கம்மிவிட்டால் கிசுகிசுப்பாகப் பேசாதீர்கள், அதுவும் உழைப்புதான், வாயை மூடிக்கொண்டு இருங்கள். கம்மல் இரண்டு வாரம் தாண்டினால் என்னிடம் வராதீர்கள், தயவுசெய்து. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ராத்திரி கத்தலில்கூட அங்கே ரத்தம் கட்டிப் பாலிப் என்ற சின்னக் கட்டி வரலாம். பயிற்சியால் அதைக் கரைக்க முடியும் என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

அந்தத் தம்பி மீட்டிங்கில் ஸ்லைடுகளை மட்டும் நகர்த்திவிட்டு, பேசும் வேலையைச் சக ஊழியரிடம் கொடுத்திருக்கிறார். பத்து நாள் கழித்துக் குரலோடு வந்தார், கையில் புத்தாண்டு விருந்துக்கான பாட்டுப் பட்டியல். முதல் வரியிலேயே பிரிட்டெண்டர். நான் நிமிர்ந்து பார்த்தேன். "மைனஸ் அஞ்சு அக்கா" என்றார், அவசரமாக. பாடச் சொன்னேன். சாபி வந்தது, கழுத்து நரம்பு புடைக்கவில்லை. "இன்னும் ஒண்ணு இறக்குங்க" என்றேன்.