காலையில் ஊர்ப்பக்கம், மாலையில் கடல்பக்கம்

“டீச்சர், என் நிழலை யாரோ நகர்த்திவிட்டார்கள்” என்று கண் கலங்க வந்து நின்றாள் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. அது ஜூலை மாதம். காலை 9.15 மணிக்குப் பள்ளி முற்றத்தில் அவளை நிற்க வைத்து, பாதங்களைச் சுற்றியும் நிழலைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போட்டிருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்து அதே பாதக் கோட்டுக்குள் வந்து நின்றாள். கோடு ஒரு பக்கம் கிடக்கிறது; நிழல் மறுபக்கம் குட்டையாக விழுந்திருக்கிறது. அழாமல் என்ன செய்வாள்?

நிழல் தன்னோடு ஒட்டிய ஒரு பொருள் என்று அதுவரை நம்பியிருந்தவள் அவள். கடலூரில் சிறு வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் எனக்கு, விளக்கம் சொல்ல அதைவிட நல்ல வேளை வாய்த்ததில்லை. “வெயில் நேராகத்தான் வரும், உன்னைச் சுற்றி வளைந்து போகாது. நீ குறுக்கே நிற்பதால் உனக்குப் பின்னால் ஓர் இடத்துக்கு வெயில் வந்து சேரவில்லை. அந்த இடம்தான் நிழல். சூரியன் இருக்கும் பக்கம் மாறினால் அந்த இடமும் மாறும்” என்றேன். ஆறு, ஏழு வயதுக்கு இது போதும். கலைச்சொற்கள் பிறகு வரட்டும்.

நிழலை வரையச் சொன்னால் பல குழந்தைகள் அதற்குக் கண்ணும் வாயும் வைத்துவிடுவார்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தோடு நிழலைக் குழப்பிக்கொள்வதுதான் காரணம். திட்டி அழிக்கச் சொல்லாதீர்கள். வெளியே அழைத்துப்போய், நிழலைப் பார்த்தபடி கண் சிமிட்டச் சொல்லுங்கள். தரையில் எதுவும் சிமிட்டவில்லை என்று கண்டதும் அவர்களே ரப்பரைத் தேடுவார்கள்.

நிழல் நீள்வதையும் குறுகுவதையும் காட்ட நம் ஊரில் தேவனாம்பட்டினம் கடற்கரையைவிடச் சிறந்த இடமில்லை. காலையில் சூரியன் கடல்மேல் தாழ்வாக இருக்கும்போது நிழல் நீண்டு ஊர்ப்பக்கம் விழும். மாலையில் அதே நிழல் கடல்பக்கம் நீளும். குழந்தை சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, கண் கெட்டுவிடும். நிழலுக்கு எதிர்ப்பக்கம் சூரியன் என்று தரையைப் பார்த்தே கண்டுபிடிக்கப் பழக்குங்கள்.

ஒரு பிழையைத் திருத்தியாக வேண்டும். “நண்பகலில் நிழல் விழாது” என்று பல பயிற்சித் தாள்களில் அச்சிடுகிறார்கள். நம் ஊரில் அது ஆண்டுக்கு இரண்டு தடவைதான் உண்மை: ஏப்ரல் 20, 21 தேதிகளை ஒட்டியும், ஆகஸ்ட் 21, 22 தேதிகளை ஒட்டியும். புதுச்சேரிக்கும் ஏறக்குறைய இதே நாட்கள்தான். அன்று பகல் 12.10 மணியை ஒட்டி நிமிர்த்தி வைத்த டம்ளரின் நிழல் அதன் அடியிலேயே அடங்கிவிடும். இடைப்பட்ட நான்கு மாதங்களில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால், நண்பகல் நிழல் தெற்கே விழும். ஆண்டின் மற்ற நாட்களில் வடக்கே விழும். ஒரு மீட்டர்க் குச்சியை நட்டுப் பாருங்கள். ஜூன் 21 அன்று நண்பகல் நிழல் சுமார் 21 செ.மீ., தெற்கே. டிசம்பர் 22 அன்று சுமார் 70 செ.மீ., வடக்கே. பள்ளி திறந்ததும் போட்ட கோட்டையும் அரையாண்டு விடுமுறைக்கு முன் போட்ட கோட்டையும் சேர்த்துப் பார்க்கும்போது குழந்தைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். கரண்ட் போன இரவில் சுவரில் ஆடும் நிழலைக் காட்டி “பூச்சாண்டி வருகிறான், சாப்பிடு” என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே இருட்டில் கழிவறைக்குப் போகப் பயப்படும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். மெழுகுவர்த்திச் சுடர் ஆடுவதால் நிழலும் ஆடுகிறது, அவ்வளவுதான். சுடரிலிருந்து ஓரடியில் கையை நீட்டினால், நான்கடி தள்ளியிருக்கும் சுவரில் கை நான்கு மடங்காகத் தெரியும். கையைச் சுவரை நோக்கிக் கொண்டுபோகப் போகச் சிறுக்கும்.

அப்படிப் பயந்த சிறுவன் ஒருவனிடம் வகுப்பறை ஜன்னல்களைச் சாத்திவிட்டு டார்ச்சைக் கொடுத்தேன். தன் கைவிரல்களைச் சுவர் முழுக்கப் பெரிதாக்கினான், பிறகு உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினான், மறுபடியும் பெரிதாக்கினான். மணி அடித்தும் டார்ச்சைத் திருப்பித் தரவில்லை.