ஃப்யூஷன்: இணைப்பா, இணைவா?

பெங்களூரு ஆஸ்பத்திரியில் இடுப்புவலி ஸ்கேனைப் பார்த்து டாக்டர் சொல்வது ‘ஃப்யூஷன்’. வார்டில் காதில் விழுவது ‘பென்னு மூளெ ஆபரேஷன்’. மூளையிலா என்று பதற வேண்டாம். கன்னடத்தில் மூளெ என்றால் எலும்பு, பென்னு என்றால் முதுகு. (முதுகுக்குப் பழந்தமிழில் ‘வெந்’ என்றொரு சொல் உண்டு, பென்னு அதன் உறவு.)

ஃப்யூஷனின் வேர் லத்தீன். உருக்கி ஊற்றுவதைக் குறித்த வினையிலிருந்து வந்தது. மருத்துவத்தில் எதையும் உருக்குவதில்லை. முதுகெலும்பில் அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே புது எலும்பு வளர்ந்து இரண்டும் ஒன்றாகிவிடுவதுதான் ஃப்யூஷன். 1911இல் நியூயார்க்கில் ரசல் ஹிப்ஸும் ஃபிரெட் ஆல்பியும் தனித்தனியே இதைச் செய்து வெளியிட்டபோது திருகாணியே கிடையாது. எலும்புத் துண்டுகளை வைத்து வளர விட்டது மட்டும்தான்.

‘முள்ளெலும்பு இணைப்பு’ என்று பலர் எழுதுகிறார்கள். எங்களுக்கு ‘இணைவு’தான் சரி. இணைப்பது சர்ஜனின் சில மணி நேர வேலை. இணைவது எலும்பின் 6 முதல் 12 மாத வேலை. ‘எலும்பு கூடிருச்சா?’ என்று வீட்டில் கேட்கிறோமே, அதே பொருள்.

இந்த ஆபரேஷனைச் சின்னக் கீறல் வழியே செய்யும் ‘மினிமலி இன்வேசிவ்’ முறைக்குச் சிறுகீறல் என்றாலே போதும். ‘குறை ஊடுருவல்’ யாருக்கும் புரியாது. ‘லேசர்’ என்று சொல்வது தவறு, இதில் லேசருக்கு வேலையில்லை. முதுகின் நடுக்கோட்டிலிருந்து 3–4 செ.மீ. தள்ளி, ஏறக்குறைய 3 செ.மீ. கீறல். தசையை எலும்பிலிருந்து உரிக்காமல், ஒன்றைவிட ஒன்று பெரிய குழாய்களாகச் செருகி விலக்குவார்கள். கடைசிக் குழாய் சுமார் 22 மி.மீ. அகலம். அதன் வழியே முள்ளெலும்பின் பின்பக்க மூட்டு எலும்பைச் செதுக்கி, இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கை எடுத்து, மேலும் கீழும் உள்ள குருத்தெலும்பைச் சுரண்டுவார்கள். அது மிச்சமிருந்தால் எலும்பு கூடாது. அளவுக்கு மீறிச் சுரண்டினால் டிஸ்க் இருந்த இடத்தில் தாங்கியாக வைக்கும் ‘கேஜ்’ எலும்புக்குள் அமிழும். செதுக்கிய எலும்புத் துகளையே அங்கே நிரப்பி, ஒரு மட்டத்துக்கு (அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகள் சேரும் ஓர் இடத்துக்கு) வழக்கமாக 4 திருகாணி, 2 கம்பி போட்டு முடிப்பார்கள்.

தையல் சிறியது என்பதால் எலும்பு சீக்கிரம் கூடிவிடாது. ரத்தப்போக்கும் தசைவலியும் குறையும், பெரும்பாலும் மறுநாளே நடக்கலாம், அவ்வளவுதான். திருகாணி தற்காலிக முட்டு. எலும்பு கூடாவிட்டால் அது தளரும், கம்பி உடையும். எலும்பு கூடாமல் போவதற்குச் சிகரெட்டும் கட்டுப்படாத சர்க்கரையும் முக்கியக் காரணங்கள். வலி மாத்திரைகளில் சில எலும்பு வளர்ச்சியைத் தடுக்கலாம் என்பதால் மெடிக்கலில் சொந்தமாக வாங்கிப் போடாதீர்கள். தொடக்க வாரங்களில் குனிவது, திரும்புவது, தண்ணீர்க் கேன் தூக்குவது எதுவும் கூடாது.

இடுப்புப் பகுதியின் ஐந்து முள்ளெலும்புகளை மேலிருந்து எல்1 முதல் எல்5 வரை எண்ணுவார்கள். தண்டுவடம் எல்1–எல்2 அருகிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே, எல்4–எல்5இல் இருப்பவை நரம்பு வேர்கள். ஆகவே அங்கே ஆபரேஷன் என்றால் ‘தண்டுவடத்தை வெட்டிடுவாங்களோ’ என்ற பயம் வேண்டாம். ஆனால் சிறுநீர் வராமல் நின்றாலோ, மலவாய்ப் பக்கம் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலும் காயத்தில் கசிவும் வந்தாலும் காத்திருக்காதீர்கள்.

எலும்பு நழுவல், ஆட்டம் இல்லாத வெறும் டிஸ்க் பிதுக்கத்துக்குப் பொதுவாக இணைவு தேவைப்படாது. படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் எந்த மட்டம், ஏன் இணைவு, பிதுங்கிய துண்டை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேளுங்கள்.