அடி வாங்கி ஆறு மணி நேரம் கழிச்சு வெடிச்ச தாய்ஹோ

"அவ்ளோ பெரிய விமானம் தாங்கி கப்பல் ஒரே ஒரு டார்பிடோவுல (தண்ணிக்குள்ள பாஞ்சு வந்து வெடிக்குற குண்டு) மூழ்குமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். மூழ்கியிருக்குங்க. 1944 ஜூன் 19, ரெண்டாம் உலகப் போர்ல பசிபிக் கடல்ல மரியானா தீவுகள் பக்கம் நடந்த சண்டையில ஜப்பானோட தாய்ஹோ. கடற்படையில சேந்து மூணு மாசம்தான் ஆகுது, குண்டு விழுந்தா தாங்கணும்னு மேல்தளத்துக்கே கவசம் போட்டு கட்டுனது, அட்மிரல் ஒசாவா இதுல இருந்துதான் படைய நடத்திட்டு இருந்தார்.

காலைல 8 மணிக்கு மேல அமெரிக்க நீர்மூழ்கி ஆல்பகோர் ஆறு டார்பிடோ விட்டுச்சு. அப்பதான் மேல கிளம்புன கோமட்சுங்கிற விமானி, ஒண்ணு கப்பல பாத்து வர்றத கவனிச்சு விமானத்தோட அது மேலயே பாஞ்சு உயிர விட்டார். இன்னொண்ணு முன்பக்கம் பட்டுச்சு. கப்பல் அசரல, ஓடிட்டேதான் இருந்துச்சு. ஆனா உள்ள விமான பெட்ரோல் டேங்க்ல விரிசல், விமானங்கள மேல்தளத்துக்கு ஏத்துற முன் லிஃப்டும் பாதியில மாட்டிக்கிச்சு. விமானம் ஓடணுமேன்னு லிஃப்ட் ஓட்டைய பலகை, மேஜை, பெஞ்ச் வச்சு மூடிட்டாங்க. கசிஞ்ச பெட்ரோலோட ஆவி வெளிய போக இருந்த பெரிய வழியே அதுதான்.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது. பெட்ரோல் ஆவி எல்லா அளவுலயும் பத்திக்காது. காத்துல சுமாரா 1.4 சதவீதத்துக்கு கீழ இருந்தா எரிய பத்தாது, 7.6க்கு மேல போனா ஆக்சிஜன் பத்தாது, நடுவுல இருந்தா ஒரு பொறி போதும். காத்த விட கனமானதால தரையோட தரையா தேங்கும். நாத்தம் தாங்காம, ஆவிய வெளியேத்தலாம்னு அதிகாரி ஒருத்தர் கப்பல் முழுக்க காத்தோட்ட ஃபேன்கள ஓட விட்டார். ஒரு மூலையில அடர்த்தியா கிடந்தது காத்தோட கலந்து, சரியா எரியுற அளவுக்கு நீர்த்து, அறை அறையா பரவிடுச்சு. வீட்ல கேஸ் லீக் ஆனா ஃபேன் போடாதீங்க, ஜன்னல தொறங்கன்னு சொல்றாங்கள்ல, இப்படி காத்தோட கலந்து கிடக்குற ஆவிக்கு சுவிட்ச்ல வர்ற ஒரு பொறியே போதும்ங்கிறதாலதான்.

1942ல அமெரிக்காவோட லெக்சிங்டன்ங்கிற விமானம் தாங்கி கப்பலும் பெட்ரோல் ஆவி வெடிச்சுதான் போச்சு, அதுக்கப்புறம் அமெரிக்கக் கப்பல்கள்ல பெட்ரோல் குழாய காலி பண்ணி கார்பன் டை ஆக்சைடு நிரப்ப ஆரம்பிச்சாங்க. புது ஆயுதத்துக்கு கொட்டுற காசுல கொஞ்சமாவது இந்த மாதிரி பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு போகணும்னு நான் உறுதியா நம்புறேன்.

மதியம் 2.30 வாக்குல தாய்ஹோ வெடிச்சுச்சு. கவசத் தளம் அப்படியே மேல புடைச்சுக்கிச்சு, சாயங்காலத்துக்குள்ள கப்பல் கடலுக்குள்ள போயிடுச்சு. அது மூழ்குன விஷயம் அமெரிக்கங்களுக்கு பல மாசம் கழிச்சுதான் தெரிய வந்துச்சு.