ஹெகா: வளைந்ததைச் செங்கோல் என்பதா?

பழைய எகிப்திய மன்னர் துத்தன்காமனின் பொன் சவப்பெட்டியை எங்காவது படத்தில் பார்த்திருப்பீர்கள். மார்பின் குறுக்கே இரண்டு கைகள், ஒன்றில் சாட்டை மாதிரி ஒன்று, மற்றதில் நீலமும் பொன்னும் மாறி மாறி வரியோடிய, தலை கொக்கியாக வளைந்த கோல். அந்தக் கோல்தான் ஹெகா. தமிழில் எழுதும்போது யோசிக்காமல் 'செங்கோல்' என்று போட்டுவிடுகிறோம், நானும் போட்டவன்தான்.

அங்கேதான் இடிக்கிறது. செங்கோல் என்றால் கோணாமல் நேராக நிற்கிற கோல். வளைந்தால் அது கொடுங்கோல்; குறளில் செங்கோன்மைக்கு அடுத்த அதிகாரமே கொடுங்கோன்மை. எகிப்தியருக்கோ அந்த வளைவில்தான் விஷயமே இருக்கிறது, ஏனென்றால் அது மேய்ப்பனின் தடி. சித்திர எழுத்தில் அந்தத் தடியை வரைந்தாலே 'ஆள்', 'ஆள்பவன்' என்று பொருள். அயல்நாட்டு ஆட்சியாளர்களைக் குறித்த 'ஹெகா காசுத்' கிரேக்கர் வாயில் 'ஹிக்சோஸ்' ஆனது. (மந்திரத்தைக் குறிக்கும் ஹெகா வேறு சொல். மூலத்தில் ஒலியே வேறு, தமிழில் எழுதினால் ஒன்றுபோல வந்துவிடுகிறது.)

ஆங்கிலத்தின் 'செப்டர்' கிரேக்க 'ஸ்கெப்ட்ரான்' வழி வந்தது. அதன் வேருக்கு ஊன்றிச் சாய்தல் என்று பொருள், அதாவது நம் ஊன்றுகோலேதான்.

இந்தக் கோல்கள் கல்லறைக்குள் போவது மிகப் பழைய வழக்கம். எகிப்தின் அபிடோஸில் கி.மு. 3200 வாக்கிலான ஒரு கல்லறையிலேயே தந்தத்தில் செய்த ஹெகா கிடைத்திருக்கிறது. 1922இல் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் திறந்த துத்தன்காமன் கல்லறையில் தடிகள் மட்டும் நூற்றுக்கு மேல். சிலவற்றில், தரையில் ஊன்றும் வளைந்த நுனியில் கைகட்டிய எதிரிகளின் உருவம். மன்னர் ஊன்றி நடந்தால் அவர்கள் முகம் மண்ணில் தேயும்! இன்னொன்று வெறும் நாணல், மன்னர் தம் கையால் வெட்டியது என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். எகிப்தின் 'மத்திய இராச்சிய' காலத்துச் (சுமார் கி.மு. 2000) சவப்பெட்டிகளின் உட்புறத்தில் கோல்களைப் படமாகவே வரைந்துவிட்டார்கள், மறுமைக்கு அது போதும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தொரட்டி என்று வைக்கலாமா என்று தோன்றியது, ஆனால் தொரட்டி தழை இழுக்க, ஆட்டைப் பிடிக்க அல்ல. அதனால் ஹெகாவுக்கு வளைகோல். கூட இருக்கிற நெகாகாவுக்குச் சாட்டை. அப்புறம் வாஸ் என்று ஒன்று, தலையில் விலங்கு முகம், அடி இரண்டாகப் பிளந்திருக்கும். அதைக் கவைக்கோல் என்பேன். நேராக நிற்பதால் அதைச் செங்கோல் என்றாலும் சண்டைக்கு வரமாட்டேன்.