ராத்திரி விழுங்கினால் காலையில் வேலை செய்யும் இலை

"மலச்சிக்கலுக்கு மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆச்சு, ஒண்ணும் நடக்கலை. இன்னொண்ணு போடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அட்டையில் சென்னோசைடு என்று போட்டிருக்கிறதாம். வேண்டாம் ஐயா, பொறுங்கள். நடுராத்திரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

வாரத்துக்கு 3 தடவைக்கும் குறைவாகப் போவது, முக்கி முக்கிப் போவது, போன பிறகும் மிச்சம் இருப்பது போல் தோன்றுவது எல்லாமே மலச்சிக்கல்தான். பெருங்குடலுக்குத் தினமும் சுமார் ஒன்றரை லிட்டர் நீர் கலந்த கூழ் வந்து சேர்கிறது. அதில் பெரும்பகுதி நீரைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும். கூழ் அதிக நேரம் தங்கினால் இறுகிவிடும். நார்ச்சத்துக் குறைவு, வந்ததை அடக்குவது, இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு குறைபாடு என்று காரணங்கள் பல.

சரி, அந்த மாத்திரைக்கு வருவோம். சென்னோசைடு நம் நாட்டு மருந்துக் கடை நிலவாகை இலையில் இருப்பது. திருநெல்வேலிப் பக்கம் விளைந்து கப்பலேறியதால் உலகச் சந்தையில் அதற்கு 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர். சென்னோசைடின் மூலக்கூறில் இரண்டு சர்க்கரைத் துண்டுகள் ஒட்டியிருக்கின்றன. அவை இருக்கும்வரை சிறுகுடலால் அதைச் சரியாக உறிஞ்ச முடியாது. குடலைத் தூண்டும் வேலையும் நடக்காது. பூட்டிய பெட்டி மாதிரி அப்படியே பெருங்குடல்வரை போகிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைக் கழற்றி, மிச்சத்தையும் உடைத்து, ரெயின் ஆந்த்ரோன் என்ற பொருளாக மாற்றுகின்றன. அதுதான் உண்மையான மருந்து! குடல் சுவரை அசைய வைக்கிறது, நீர் உறிஞ்சப்படுவதையும் குறைக்கிறது. செடி பாதி செய்ததை நம் கிருமிகள் முடித்துக் கொடுக்கின்றன. இந்தப் பயணத்துக்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். படுக்கும்போது போடச் சொல்வது அதனால்தான்.

'கழிவு தேங்கினால் விஷம் ரத்தத்தில் கலக்கும்' என்று பயமுறுத்திக் குடல் சுத்திகரிப்புப் பொடி விற்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற பேர்பெற்ற அறுவை மருத்துவர் இதை நம்பி, மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். அந்தக் கொள்கை அப்போதே அடிவாங்கியது. பொடி மட்டும் இன்னும் விற்கிறது.

நிலவாகையைச் சில நாள் துணையாக வைத்துக்கொள்ளலாம். அப்புறம் கீரை, கொய்யா, இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி, போதுமான தண்ணீர். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும் என்பதால், காலைச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ரத்தம் போனாலோ, எடை குறைந்தாலோ, ஐம்பதைத் தொட்ட வயதில் பழக்கம் திடீரென்று மாறினாலோ, மாத்திரையை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.