மீநுண் துகள்: ‘நானோ’வுக்குத் தமிழ்

மாரடைப்பில் பழுதான இதயத் தசைக்கு நானோ துகளில் மருந்தை ஏற்றி அனுப்பும் ஆய்வுகள் நடக்கின்றன. தமிழில் இதை எழுதும்போது ‘நுண்துகள்’ என்று போட்டுவிடுகிறோம். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அளவு ஆயிரம் மடங்கு தப்பிப் போகிறது.

கிரேக்கத்தில் ‘நானோஸ்’ என்றால் குள்ளன். 1960-இல் வந்த பன்னாட்டு அலகு முறையில் ‘நானோ’ நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் முன்னொட்டு. நம்மிடமும் குள்ளத்துக்குக் ‘குறள்’ உண்டு. ஆழ்வார்கள் வாமனனைக் குறள் என்றே பாடினார்கள். ‘குறள்துகள்’ என்றால் பொருள் அப்படியே பொருந்தும். ஆனால் இன்று குறள் என்றதும் ஈரடி வெண்பாதானே நினைவுக்கு வரும்!

‘துகள்’ பற்றிக் கவலையே வேண்டாம். பழைய நீட்டலளவையில் எட்டு அணு ஒரு தேர்த்துகள். தேர் ஓடும்போது கிளம்பும் தூசி.

சிக்கல் ‘நுண்’ணில்தான். நுண்ணோக்கி, நுண்ணுயிர் என்று அது ஏற்கெனவே மைக்ரோவுக்குப் போய்விட்டது; மைக்ரோ என்பது நானோவைப்போல் ஆயிரம் மடங்கு. இரத்தத்தில் இந்த வேறுபாடு சின்ன விஷயம் இல்லை. மிக மெல்லிய இரத்தக் குழாய்களான தந்துகிகளின் அகலம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். 20 மைக்ரோமீட்டர் துகள் போனால் அடைத்துக்கொள்ளும். 100 நானோமீட்டர் துகள் சிவப்பணுக்களுக்கு நடுவே எளிதாகப் போய்விடும். மாரடைப்புக்குப் பிறகு, அடிபட்ட இடத்தில் இரத்தக் குழாய்ச் சுவரின் இணைப்புகள் தளர்ந்து கசியும். அந்தக் கசிவு வழியாகத் துகள் தசைக்குள் இறங்குகிறது. ஊசியில் ஏற்றியதில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்வதால், இந்த முயற்சிகள் இன்னும் பெரும்பாலும் விலங்குச் சோதனையிலேயே நிற்கின்றன.

நலமான குழாயோ துகளை எளிதில் வெளியே விடாது. அதுவும் ஒருவகையில் இதயத்துக்கு நல்லதாகவே முடிந்தது. டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இதயத் தசையைக் கெடுக்கும். அதையே 100 நானோமீட்டருக்கும் சிறிய கொழுப்புக் கூட்டில் பொதிந்து செய்த டாக்சில் 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதயத்துக்கு நேரும் கேடு குறைந்தது.

சரி, எந்தச் சொல்? ‘மீநுண் துகள்’ என்பதே என் தேர்வு. ‘மீ’ என்றால் மேல், மிகுதி, மீயொலியில் (அல்ட்ராசவுண்ட்) பழகியதுதான். பேச்சில் நானோ துகள் என்றாலும் தவறில்லை, அளவு குழம்பாது. அப்புறம், மருந்தை உடலில் உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் ‘டிரக் டெலிவரி’யை ‘மருந்து விநியோகம்’ என்றால் கடைகளுக்கு மருந்து அனுப்புவதுபோல் ஒலிக்கிறது. ‘மருந்தேந்தும் மீநுண் துகள்’ என்று எழுதலாம்.